வண்டி முந்தியா, பணம் முந்தியா?

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குப் பார்சல் போடுவது கூடவே பிறந்த கலை. ஊசிவெடியிலிருந்து தினசரி காலண்டர் வரை சிவகாசியில் கட்டாத கட்டா, ஏற்றாத லாரியா! ஆனால், ஒரு பழைய பைக்கை சென்னைக்கு அனுப்புவது இருக்கிறதே... அது பத்தாயிரம் வாலாவைப் பிரிக்காமல் எண்ணுகிற வேலை!

2019-ல் என் அத்தை, மாமாவின் யெஸ்டியை விற்க முடிவு செய்தாள். மைசூரில் பிறந்து, 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. மாமா காலமாகி எட்டு மாதம். மகளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டுகிற கெடு கழுத்தை நெரித்தது. நல்லவேளை, மாமா போன கையோடு ஃபாரம் 31 எழுதிக் கொடுத்து ஆர்.சி. புக்கை அத்தை பேருக்கு மாற்றியிருந்தோம். இல்லாவிட்டால் விற்கவே முடியாது.

முதலில் போன் பண்ணியவன், "ராணுவத்துல இருக்கேன் மேடம். க்யூ.ஆர். கோடு அனுப்பிருக்கேன். ஸ்கேன் பண்ணி பின் நம்பரைப் போடுங்க, பணம் வந்துரும்" என்றான். அத்தை படித்தது எட்டாம் வகுப்பு. "ஏம்ப்பா, பணம் குடுக்கிறவன்தானே பீரோவைத் திறக்கணும்? நான் எதுக்குச் சாவி போடணும்?" என்றாள். போன் கட்! வாங்கிக்கொள்ள பின் நம்பர் தேவையே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்த பேங்க் மேனேஜரும் சொன்னதில்லை.

அடுத்து வந்தவர் நிஜமான ஆள். சென்னைத் தம்பி. முப்பத்தெட்டாயிரத்துக்குப் பேசி முடித்தாயிற்று. "வண்டியைப் பார்த்துட்டுத்தான் பணம்" என்கிறார் அவர். "பணம் வந்தாத்தான் வண்டி" என்கிறாள் அத்தை. நீங்களே சொல்லுங்கள், யார் பக்கம் தப்பு?

இங்கேதான் என் பி.காம். முதன்முறையாக வேலைக்கு வந்தது. சிவகாசி வியாபாரிகள் முகம் தெரியாத வடநாட்டு ஆளுக்கும் சரக்கு அனுப்புவார்கள். லாரி ரசீதை பேங்க்கில் போட்டுவிடுவார்கள். அவர் பேங்க்கில் பணம் கட்டினால்தான் ரசீது கைக்கு வரும், ரசீது இருந்தால்தான் சரக்கு வரும். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், ரயில்வே ரசீதையும் சரக்குக்கு உரிமை தரும் பத்திரமாகவே வைத்திருக்கிறது. பேங்க்குக்குப் பதில் என் சித்தப்பா மகனைப் போட்டேன். பாதிப் பணம் முன்னால். பார்சல் அத்தை பேரிலேயே 'செல்ஃப்' என்று புக்கிங். ஒரிஜினல் ரசீது சித்தப்பா மகன் கையில். எழும்பூரில் வண்டியைப் பார்த்து மீதியைக் கொடுத்தால் ரசீது மாறும். இரண்டு பேருக்கும் சம்மதம்.

மதுரை ஜங்ஷனுக்கு வண்டியைக் கொண்டுபோனோம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை, வண்டியின் மதிப்பு எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். மதிப்பைக் குறைத்து எழுதினால், ஏதாவது ஆகிவிட்டால் நஷ்டஈடும் குறைந்துதான் வரும். கட்டுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். கண்ணாடிகளைக் கழற்றி, வைக்கோலும் சாக்கும் வைத்துத் தைத்தார்கள். நான் கொண்டுபோன விற்காத காலண்டர்களும் உள்ளே போயின. ஹெட்லைட்டுக்கு சரஸ்வதி, டேங்குக்கு முருகன். அவருக்கு மயில் அலுத்திருக்கும்!

டேங்கில் சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது. 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டத்தில் இந்த மாதிரி ஆபத்தான பொருளைத் திருட்டுத்தனமாக ஏற்றினால் மூன்று வருஷம் வரை சிறை உண்டு. வடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் பீடி எடுத்தார். அத்தை போட்ட சத்தத்தில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. "சிவகாசியில பிறந்தவ நான்! தீப்பெட்டியை உள்ள வைங்கண்ணே!" அவர் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதைப் பார்த்த மண் எங்களுடையது. எங்களுக்கு நெருப்பு விளையாட்டில்லை.

மறுநாள் எழும்பூரில் வண்டி கீறலில்லாமல் இறங்கியது. பணம் வந்தது, ரசீது மாறியது. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. ஃபாரம் 29, 30 கொடுத்துப் பேர் மாறும்வரை அந்தத் தம்பியை விடவில்லை. வண்டியை விற்றாலும், பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. ஃபீஸ் கட்ட வந்த பணம் கோர்ட்டுக்குப் போகலாமா?

பேர் மாறிய அன்று தம்பி போன் பண்ணி, "வேற ஏதாவது சொல்லணுமாக்கா?" என்றார்.

"ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றாள் அத்தை.

யெஸ்டியில் உதைக்கிற கம்பியும் கியர் கம்பியும் ஒன்றுதான். மூன்றாவது உதையில் அந்த இரட்டைக்குழல் சத்தம் போனில் வந்தது. அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"போதும், அமத்திருப்பா. பெட்ரோல் வீணாப்போகுது."