கிணற்றடியில் கிடைத்த அடைக்கலம்

மதுவிலக்கைப் போற்றும் குடும்பத்தினருக்குத் திராட்சை மதுவால் பெயர் பெற்ற ஊரில் என்ன அலுவல் என்று நேயர்கள் கேட்கலாம். பிரான்ஸ் தேசத்து ஸாந்த் எமிலியோனுக்கு மதுவைச் சுவைக்க வருவோரே அதிகம். நாம் நாடிச் சென்றதோ அங்குள்ள ஒரு கிணற்றின் சரித்திரத்தை.

போர்தோ நகருக்குக் கிழக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரத்தில், சுண்ணாம்புப் பாறைச் சரிவொன்றில் அமைந்திருக்கிறது இவ்வூர். ரயிலை விட்டிறங்கியதும் கண்ணுக்கெட்டிய மட்டும் திராட்சைக் கொடிகளே வரிசை வரிசையாய் நிற்கின்றன. எட்டாம் நூற்றாண்டில் எமிலியோன் என்னும் துறவி இங்குள்ள குகையொன்றில் தவ வாழ்க்கை நடத்தினாராம். பிற்காலத்தார் அதனருகே பாறையையே குடைந்து, 38 மீட்டர் நீளமுள்ள தேவாலயத்தை உண்டாக்கினர். வீடு கட்டக் கல் வெட்டிய சுரங்கங்களே பிறகு மதுப் பீப்பாய்களுக்கு நிலவறைகளாயின. ஊரின் அடிப்புறம் இவ்விதம் குடையப்பட்டிருந்ததுதான் ஒரு காலத்தில் எழுவரின் உயிரைக் காத்தது.

1793-ஆம் வருஷம், பிரெஞ்சுப் புரட்சி உக்கிரமாயிருந்த சமயம். ஜனப் பிரதிநிதி சபையிலிருந்து ஜிரோந்தினர் என்ற கட்சியார் விரட்டப்பட்டனர். அவர்களுள் ஒருவரான குவாதே இவ்வூரிற் பிறந்தவர். ஓடி ஒளிய இடமின்றித் தோழர்களுடன் வந்த அவருக்கு, உறவினரான பூக்கே அம்மையார் தம் வீட்டில் அடைக்கலம் தந்தார். தோட்டத்துக் கிணற்றின் வழியாக இறங்கினால் ஒரு குகை. எழுவரும் அதில் பதுங்கினர். ரொட்டிக்குப் பெரும் பஞ்சமாயிருந்த அந்நாளில், தமக்குக் கிடைத்த உணவை அம்மையார் அவர்களோடு பங்கிட்டுக்கொண்டார். அடைக்கலம் தந்தவருக்கும் மரணமே தண்டனை என்பதை அவர் அறிவார்.

சில வாரங்களுக்குப்பின் அவர்கள் அவ்விடத்தை விட்டு அகல நேர்ந்தது. 1794 ஜூனில் குவாதே தம் தந்தையின் வீட்டிலேயே பிடிபட்டு, போர்தோவில் கில்லட்டினுக்கு இரையானார். ஜூலையில் அவருடைய வயோதிகத் தந்தையும், பூக்கே அம்மையாரும், அம்மையாரின் கணவரும் தந்தையும் அதே கதியடைந்தனர். அம்மாதம் 27-ஆம் தேதி ரோபெஸ்பியரின் ஆட்சி கவிழ்ந்தது. இன்னும் சில தினங்கள் கழிந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள்!

இன்று அவ்வூரின் முக்கிய வீதிக்குக் குவாதேயின் பெயர் வழங்குகிறது. அவ்வீதியில் நடந்தபோது நம் மனம் நம் தேசத்தை நினைத்தது. விடுதலைப் போரில் தலைமறைவாயிருந்தவர்களுக்கு அன்னமிட்டுக் காத்த இல்லத்தரசிகள் இங்கும் இருந்தனர். தலைவர்களின் பெயர்கள் வீதிகளில் நிலைத்துவிடும். அடுப்படியிலிருந்து தேசத் தொண்டு புரிந்தவர்களின் கதையை நம் குழந்தைகளுக்கு நாமே அல்லவா சொல்லவேண்டும்?