வடிவம் வேறு, பொன் வேறு

மோட்டார் சைக்கிள் போட்டிகளுள் டிரையல்ஸ் எனப்படும் வகை வேகத்தைப் பொருட்படுத்துவதில்லை. பாறையும் சேறும் மரக்கட்டையும் ஓடையுமாக அமைந்த ஒரு குறுகிய தடத்தை, ஓட்டுபவர் தம் கால் தரையில் படாமல் கடக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி. ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி, இருமுறை ஊன்றினால் இரண்டு, அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று, வண்டி விழுந்தாலோ தடத்தை விட்டு விலகினாலோ ஐந்து எனத் தண்டப் புள்ளிகள் ஏறும். ஆகவே மிகக் குறைந்த புள்ளி வாங்குபவரே அங்கே வெற்றியாளர். மண்ணை மிதிப்பதே குற்றமாகிவிட்ட ஒரு விளையாட்டுக்கெனத் தனியாகக் காலணி செய்து விற்கப்படுவதும், கால் பொருந்துமா, கைப்பணம் போதுமா என்று அதன் பொருட்டுப் பலர் நாள்கணக்கில் யோசிப்பதும் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் காலணி என்பது எதற்காக என்ற கேள்வியை அந்த விளையாட்டைப் போல நேராகக் கேட்கும் இடம் வேறு அதிகம் இல்லை.

தமிழ்நாட்டுக்கு டிரையல்ஸோடு உள்ள உறவு சென்னையின் திருவொற்றியூர் வழியாக வந்தது. பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் பொருத்திய புல்லட்டின் மாதிரி வண்டிகளை இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948இல் கோல்மோர் கோப்பை டிரையல்ஸில்தான் களமிறக்கியது. ஜானி பிரிட்டன் என்ற வீரர் அந்நிறுவனத்தின் வண்டியில் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் டிரையல்ஸை வென்றார். 1955இல் உருவான என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியே அந்தப் புல்லட் சென்னைக்குக் குடிபெயர்ந்தது. பழைய புகழை நினைவூட்ட 2019இல் புல்லட் டிரையல்ஸ் என்ற பெயரில் இரண்டு வண்டிகள் விற்பனைக்கு வந்து, விரைவிலேயே நின்றும்போயின. இக்காலத்துப் போட்டி வண்டி, உட்கார இருக்கைகூட இல்லாமல், ஏறத்தாழ 70 கிலோ எடையே உடையது. புல்லட்டோ 190 கிலோவை ஒட்டி நிற்பது. அப்படிப்பட்ட ஒன்றைப் பாறைமேல் ஏற்றிப் பார்க்க விரும்புபவர், வேறு எதை வாங்குவதற்கு முன்பும் கணுக்காலைக் காக்க ஒரு பூட்ஸ் வாங்க நினைப்பது அறிவுடைமையே ஆகும்.

அந்த பூட்ஸிடம் எதிர்பார்க்கப்படும் குணங்கள் ஒன்றையொன்று மறுப்பவை. ஓட்டுபவர் தடம் முழுவதும் ஃபுட்ரெஸ்ட் எனப்படும் இரண்டு சிறு இரும்புக் கட்டைகளின்மேல் நின்றபடியே செல்வதால், உடலின் எடை முழுவதையும் பாதத்தின் நடுப்பகுதி ஓர் ஒடுங்கிய இடத்தில் தாங்க நேர்கிறது; அதற்காக அடிப்பகுதிக்குள் ஷாங்க் என்னும் விறைப்பான தகடு வைக்கப்படுகிறது. அதே நேரத்தில் உடல் முன்னும் பின்னும் சாயும்போது கணுக்கால் தாராளமாக மடங்க வேண்டும், பிரேக்கின் மெல்லிய எதிர்ப்பைப் பாதம் உணர வேண்டும், தடத்தைப் போட்டிக்கு முன் நடந்து பார்ப்பது வழக்கமாதலால் ஈரப்பாறையில் வழுக்காமல் நடக்கவும் வேண்டும். மேட்டிலும் பள்ளத்திலும் தாவி விரையும் மோட்டோகிராஸ் பந்தயத்துக்கான பூட்ஸ், கெட்டிப் பிளாஸ்டிக் கவசங்களால் காலை நன்றாகக் காக்கிறது. ஆனால் அதை அணிந்தவர் டிரையல்ஸ் தடத்தில் கணுக்கால் மடங்காமல் திணறுவார். ஆகவே டிரையல்ஸ் பூட்ஸ், ஓரிடத்தில் விறைத்தும் மற்றோரிடத்தில் நெகிழ்ந்தும் இருக்க வேண்டிய பொருளாகிறது, இத்தாலியிலிருந்து வருவனவற்றின் விலைக்கு இந்த இரட்டைக் குணமும் ஒரு காரணம்.

விலை எட்டாதபோது மாற்று தேடுவது இயல்பு. பாரத மிகுமின் நிறுவனத்தையும் அதைச் சூழ்ந்த திருவெறும்பூர், துவாக்குடிப் பட்டறைகளையும் கொண்ட திருச்சியில் சேஃப்டி ஷூ என்னும் தொழிற்சாலைக் காலணி எளிதாகக் கிடைக்கும். ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர எண் பொறித்த இக்காலணியின் விரல்பகுதியில் எஃகுக் குமிழ் இருப்பதால், கல் விழுந்தாலும் விரல் தப்பும். எனினும் அந்தக் குமிழின் உயரம் கியர் லிவருக்கு அடியில் விரலை நுழைக்க விடுவதில்லை. பெரும்பாலானவை கணுக்கால் எலும்புக்குக் கீழேயே முடிந்துவிடுகின்றன. தொங்கும் கயிறு லிவரில் சிக்கினால், ஊன்ற வேண்டிய கணத்தில் கால் ஊன்ற வராது. பட்டறைத் தரையில் நிற்பவருக்காகச் சிந்தித்துச் செய்யப்பட்ட பொருள் அது. அந்த வேலைக்கு அது குறையற்றது. வேறு வேலைக்கு இழுத்துவந்து குறை சொல்வது வாங்கியவரின் பிழை.

திருச்சியின் பெரிய கடை வீதியிலோ வேறெந்தக் கடையிலோ காலணி கேட்பவரிடம் முதலில் விசாரிக்கப்படுவது நம்பர்தான். ஏழு, எட்டு, ஒன்பது என்று இந்தியக் கடைகளில் வழங்கும் அந்த எண்கள் பிரிட்டனிலிருந்து வந்தவை, அவற்றின் அலகு வாற்கோதுமை மணி. மூன்று மணிகளை நீளவாக்கில் அடுக்கினால் ஓர் அங்குலம் என்று இரண்டாம் எட்வர்ட் மன்னர் 1324இல் வகுத்ததாக மரபாகச் சொல்லப்படுகிறது. இன்றும் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு மணியின் நீளமான 8.47 மில்லிமீட்டரே. 42, 43 என எழுதப்படும் ஐரோப்பிய எண்களில் அந்தத் தொலைவு 6.67 மில்லிமீட்டர். இரண்டு முறைகளுமே நீளத்தை மட்டும் சொல்லி, அகலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. இந்தியப் பாதங்கள் அகலமானவை என்பதைச் சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அண்மையில் அளந்தே காட்டியது. 2021 இறுதியிலிருந்து 2022 தொடக்கம்வரை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியால் பதிவு செய்த அந்த ஆய்வின் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கெனத் தனி அளவுமுறை முன்மொழியப்பட்டது. அகலம் போதாமல் ஒரு நம்பர் கூட்டி வாங்கிக்கொண்டு, முன்னால் மிஞ்சும் நீளத்தைப் பஞ்சால் அடைக்கும் குடும்ப உத்திக்கு இவ்வாறு அறிவியல் சான்று கிடைத்தது. பூட்ஸில் மட்டும் அந்த உத்தி உதவாது. நீளம் கூடினால் குதிகால் எழும்பும், குதிகால் எழும்பினால் லிவரின் இடம் விரலுக்குத் தெரியாமல் போகும்.

அளவுச் சிக்கலே இல்லாத காலணி ஒன்று உண்டு. கட்டைவிரலும் அடுத்த விரலும் பற்றிக்கொள்ளும் ஒரு குமிழ் மட்டும் உடைய பாதுகை, பக்கச் சுவர் எதுவும் இல்லாததால், எவ்வளவு அகன்ற பாதத்தையும் ஏற்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள திருவரங்கத்தில், வைணவ ஆசாரியரான வேதாந்த தேசிகர் அரங்கநாதரின் இத்தகைய பாதுகைகளின்மேல் 1008 சுலோகங்கள் கொண்ட பாதுகா சகஸ்ரம் என்னும் வடமொழி நூலை இயற்றினார். புலமைப் போட்டி ஒன்றில், எதிர்த் தரப்பு திருவடியைப் பாட எடுத்துக்கொள்ள, தேசிகர் திருவடியைத் தாங்கும் பாதுகையை எடுத்துக்கொண்டு ஒரே இரவில் பாடி முடித்தார் என்பது வைணவ மரபு. இராமனின் பாதுகைகளைப் பரதன் அரியணையில் ஏற்றிய வரலாறும், கோயில்களில் பக்தர் தலைமேல் வைக்கப்படும் சடாரியில் திருவடி பொறித்திருப்பதும், தொண்டர்களின் அடிப்பொடியையே தம் பெயராக்கிக்கொண்ட ஆழ்வார் ஒருவர் அதே ஊரில் வாழ்ந்ததும் அறிந்தவருக்கு அந்தத் தேர்வு புதுமையாகத் தோன்றாது. புதுமை, அவர் அதைப் பகுத்த முறையில் உள்ளது.

நூலில் 32 பத்ததிகள், அதாவது பிரிவுகள், உள்ளன. பாதுகையின் நடையைச் சொல்ல சஞ்சார பத்ததி, அது எழுப்பும் ஓசையைச் சொல்ல நாத பத்ததி, இரண்டும் இணையாக இருப்பதைச் சொல்ல துவந்துவ பத்ததி, வடிவ அமைப்பைச் சொல்ல சந்நிவேச பத்ததி, விரல் பற்றும் குமிழைச் சொல்ல யந்திரிகா பத்ததி, மேலுள்ள கோடுகளைச் சொல்ல ரேகா பத்ததி எனத் தனித்தனியே உண்டு. முத்துக்கும் மரகதத்துக்கும் நீலத்துக்கும் பொன்னுக்கும் அவ்வாறே வெவ்வேறு பத்ததிகள் அமைந்துள்ளன. பக்தியை ஒரு கணம் ஒதுக்கிவைத்துத் தலைப்புகளை மட்டும் படிப்பவருக்கு, ஒரு காலணியை எந்தெந்தக் கோணத்திலிருந்து ஆராய வேண்டும் என்பதற்கு இதைவிட நிறைவான பட்டியல் வேறு கிடைப்பது அரிது. இணை, வடிவம், பிடிப்பு, நடை, ஓசை எல்லாம் அதில் இருக்கின்றன. இன்றைய விளம்பரங்கள் பெரும்பாலும் மரகதப் பத்ததியோடு நின்றுவிடுகின்றன.

முப்பதாவதான சித்திர பத்ததியில் இன்னும் வியப்பான ஒன்று உள்ளது. அதன் 929ஆம் சுலோகத்தில் உள்ள 32 எழுத்துகளையும் நான்கு வரிசை, எட்டுப் பத்தி உடைய கட்டங்களில் கட்டத்துக்கு ஒன்றாக எழுதி, சதுரங்கக் குதிரை தாவுவதுபோல் இரண்டு கட்டம் நேராகவும் ஒரு கட்டம் பக்கவாட்டிலும் தாவிக்கொண்டே படித்தால், 930ஆம் சுலோகம் கிடைக்கும். ஒரு கட்டத்தையும் குதிரை இருமுறை மிதிப்பதில்லை, ஒன்றையும் விடுவதுமில்லை. துரக பந்தம் என்னும் இவ்வகையைத் தேசிகருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே காஷ்மீரத்து உருத்திரடர் கையாண்டிருக்கிறார். ஐரோப்பாவில் கணித மேதை ஆய்லர் இதே குதிரைப் பயணத்தைக் கணக்காக எழுதியது 1759இல்தான். முதல் தாவலை வைக்கும்போதே கடைசித் தாவல் எங்கே விழும் என்று அறிந்திருந்தால் ஒழிய இது கைகூடாது, இடையில் ஒரு கால் தவறி விழுந்தாலும் செய்யுள் முழுவதும் கெடும். டிரையல்ஸ் தடத்தை நடந்து பார்க்கும் ஓட்டுநர், எந்தக் கல்லில் முன்சக்கரம் ஏற வேண்டும், எந்த வேரில் பின்சக்கரம் பிடிக்க வேண்டும் என்று மனத்தில் வரைந்துகொள்வதும் அவ்வகைக் கணக்கே. காலணியைப் பாடவந்த புலவர், காலடி வைக்கும் ஒழுங்கையே செய்யுளாக்கியது தற்செயலாக இருக்க முடியாது.

ஆனால் 32 தலைப்புகளுள் பாதுகையைச் செய்தவருக்கென்று ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தை ஊர்மக்களின் கதை நிரப்பியிருக்கிறது. திருவரங்கத்தின் ஏழு அதிசயங்கள் என்று வழங்கும் பட்டியலில் தேயும் காலணிகளும் ஒன்று. பெருமாளுக்கு இடக்காலுக்கு ஒருவரும் வலக்காலுக்கு வேறொருவருமாக, வெவ்வேறு திசைகளில் வாழும் இரு தொழிலாளர்கள், தம்முள் கலந்து பேசாமலேயே தோல் காலணி செய்து சமர்ப்பிப்பர் என்றும், இரண்டையும் சேர்த்துவைத்தால் மாறுபாடின்றி இணையாகும் என்றும், முன்பு சமர்ப்பித்தவை நடந்து தேய்ந்தவையாகக் காணப்படும் என்றும் கூறுவர். 1323இல் டெல்லிப் படை வந்தபோது ஊரை விட்டு வெளியேறிய உற்சவர் திருமேனி, பல ஊர்களில் அலைந்து 1371இல்தான் திரும்பிற்று என்பதை எண்ணினால், தங்கள் தெய்வத்தின் செருப்பு தேயும் என்று நம்ப அந்த ஊராருக்கு உரிமை உண்டு. கதையின் மெய் பொய் ஒருபுறம் இருக்க, அது சொல்லும் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை: புலவர் மணியும் பொன்னுமாகக் கண்ட பாதுகை, ஊராரின் கதையில் தோலாகிறது, தீட்டென்று ஒதுக்கிய தோலும், அதைத் தைத்ததற்காக ஒதுக்கிய கையும் இல்லாமல் பெருமாளும் நடக்க இயலாது என்று அக்கதை ஒப்புக்கொள்கிறது.

இடத்தையும் வலத்தையும் வெவ்வேறு கைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது அதனினும் நுட்பமானது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, இரு காலுக்கும் ஒரே வடிவமாக வெட்டிய காலணிகள் பரவலாக இருந்தன. எந்தக் காலில் மாட்டினாலும் ஒன்றே, இரண்டு காலும் சமமாக வருந்தின. மோட்டார் சைக்கிளில் இந்தச் சமத்துவம் எடுபடாது. இன்றைய வண்டியில் கியரைத் தூக்குவது இடக்கால், ஆகவே இடது பூட்ஸின் விரல்மேல் பகுதி முதலில் தேயும். பழைய புல்லட்டில் கியர் வலப்பக்கம் இருந்ததால் அங்கே தேய்ந்தது வலது. பழைய பூட்ஸை மலிவு விலைக்கு வாங்குபவர் இந்தத் தேய்மானத்தைப் பார்த்தே முந்தைய சொந்தக்காரரின் வண்டியை ஓரளவு ஊகிக்கலாம், எனினும் அந்தத் தோல் அவருடைய பாதத்துக்குப் பழகிய தோல் என்பதை மறக்கலாகாது. கோயில் வாசலில் அடுத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டவர், மூன்றடி நடப்பதற்குள் இதை அறிந்துகொள்கிறார்.

தோலுக்கும் திருச்சிக்கும் நெடிய உறவு உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இட்டு, நாள்கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்தும் ஈ.ஐ. தோல் என்னும் தென்னாட்டு முறை, நகரின் செம்பட்டுப் பகுதித் தோல் பதனிடும் தொழிலோடு பிணைந்தது. பட்டையில் பதமான தோல் உடம்பின் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மெல்ல இளகி, அணிபவரின் கால் வடிவத்தை ஏற்கும். முழுவதும் பிளாஸ்டிக்கால் ஆனது முதல் நாளில் எப்படி இருந்ததோ அப்படியே கடைசி நாளிலும் இருக்கும். அதனால் தோல் பூட்ஸ் வாங்கும்போது அகலத்தில் சற்று இறுக்கம் இருந்தால் பொறுக்கலாம்; நீளத்தில் இறுக்கம் இருந்தால் பொறுக்கக் கூடாது, ஏனெனில் தோல் பக்கவாட்டில் விரியுமே தவிர நீளாது.

இவையெல்லாம் சேர்ந்து, மலிவும் பொருத்தமும் தேடுபவருக்கு ஒரு வரிசையைத் தருகின்றன. கத்திரி வெயிலில் நாற்பது பாகை செல்சியஸ் தொடும் ஊரில் பாதம் மாலைக்குள் வீங்கிவிடுவதால், மாலை நேரத்தில், ஓட்டும்போது போடும் அதே காலுறையோடு, இரண்டு காலிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா, குதிகால் எழும்புகிறதா என்று சோதித்தபின், கடைப் படியின் விளிம்பில் பாதத்தின் நடுப்பகுதியை வைத்து, முழங்காலை மடக்கி நின்று பார்க்க வேண்டும். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். அடிப்பகுதி தேய்ந்தால் கழற்றி வேறு தைக்க முடியுமா என்று தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கேட்டறிவது, விலைச்சீட்டைப் படிப்பதைவிட உண்மையான விலையைச் சொல்லும். இருமுறை அடி மாற்றக்கூடிய ஒன்று, ஒருமுறைகூட மாற்ற இயலாத மலிவானதைக் காட்டிலும் குறைந்த செலவுடையது. பிராண்டின் பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும். பாதுகையின் வடிவத்துக்கு ஒரு பத்ததியும் பொன்னுக்கு வேறொரு பத்ததியும் வகுத்த தேசிகர் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. ஆயிரம் சுலோகம் பாட வேண்டிய கடமை இல்லாத வாடிக்கையாளருக்கு அந்தப் பிரிவினையை மட்டும் கடைப்பிடிப்பது அப்படியொன்றும் கடினமான காரியம் இல்லை.