எறிஞ்சுடாதீங்க, படகுக்கு ஆகும்!

கட்டுமாவடியிலோ மணமேல்குடியிலோ கரையில் நிற்கும் ஒரு நாட்டுப்படகை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கடலுக்கென்றே கடையில் வாங்கிய பொருள் அதில் கொஞ்சம்தான் இருக்கும். உள்ளே தேங்கும் தண்ணீரை அள்ளிக் கொட்ட, வாய் அறுத்த எண்ணெய் கேன். சாமான் ஆடாமல் கட்டிவைக்க, சைக்கிள் டியூப்பிலிருந்து அறுத்த ரப்பர் வார். தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்க, பழைய தண்ணீர் பாட்டில். வலை எங்கே கிடக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிய, மூங்கில் கம்பில் கட்டிய கிழிந்த சேலைத் துண்டு. எல்லாமே கரையில் ஒரு வேலை பார்த்து முடித்துவிட்டுப் படகுக்கு வந்தவை.

“எறிஞ்சுடாதீங்க, படகுக்கு ஆகும்!” கடலோர வீடுகளில் அடிக்கடி கேட்கிற குரல் இது.

புதுக்கோட்டை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது சித்தன்னவாசலும் கண்மாய்களும் செம்மண் காடுகளும்தான். ஆனால் இந்த மாவட்டத்துக்குப் பாக் நீரிணையை ஒட்டிச் சுமார் 42 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். மற்ற ஊர்களில் பெரும்பாலும் நாட்டுப்படகும் ஃபைபர் படகும்தான். வயலும் கடலும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், ஒன்றின் பொருள் இன்னொன்றுக்குப் போவது இங்கே புதிதல்ல.

நைலான் வலை பரவுவதற்கு முன்பு, பருத்தி நூல் வலைதான். உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் இற்றுப்போகும். அதற்குத் தமிழகக் கடலோரத்தில் கண்ட வைத்தியங்களில் ஒன்று புளியங்கொட்டைச் சாயம். புளியை எடுத்துக்கொண்டு அடுப்படியில் ஒதுக்கிய கொட்டை, வலையின் ஆயுளை நீட்டியது. மரப்படகுகளை அரிப்பிலிருந்து காக்க முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் பூசுவதும் பழைய வழக்கம். ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரி வறுக்கும் வாசனை தெரிந்தவர்களுக்கு, அந்த எண்ணெய் கையில் பட்டால் எப்படிப் புண்ணாக்கும் என்பதும் தெரியும். தோலை அரிக்கும் அதே காரம்தான் மரத்தைத் துளைக்கும் பூச்சியையும் விரட்டுகிறது.

இன்ஜினும் அப்படித்தான் வந்தது. வயலில் தண்ணீர் இறைக்கும் பம்புசெட் இன்ஜினின் தம்பி போன்ற ஒரு சிறிய டீசல் இன்ஜின். அதோடு நீளமான ஒரு தண்டு, தண்டின் நுனியில் புரொப்பல்லர். தாய்லாந்தின் கால்வாய்ப் படகுகளில் பேர்போன இந்த ஏற்பாடு, நம் கடற்கரை ஃபைபர் படகுகளுக்கும் நன்றாகப் பொருந்திவிட்டது. பாக் நீரிணைப் பகுதி ஆழம் குறைந்த கடல். கரைக்கு அருகே சேறும் கடற்புல்லும் தட்டுப்படும். தண்டைச் சட்டென்று மேலே தூக்கிவிடலாம் என்பது அங்கே பெரிய வசதி. பழுதானாலும் பயமில்லை, பம்புசெட் பார்க்கிற மெக்கானிக்குக்கு இந்த இன்ஜினும் புரியும்.

இரவல் பொருளின் பெரிய லாபமே இதுதான். விலை குறைவு என்பது ஒரு பாதி. எந்த ஊரிலும் கிடைக்கும், எவரும் சரிசெய்வார், தொலைந்தாலும் அழ வேண்டாம் என்பது மறு பாதி. படகின் விலாவில் தொங்கும் லாரி டயர், பக்கத்துப் படகு மோதும்போது அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்தால் சிறிய வலைக்கு மிதவை. யூரியா சாக்கும் தார்ப்பாயும் சேர்த்துத் தைத்தால் ஒரு சிறு பாய். இறுக்கமாக மூடும் டிபன் பாக்ஸில் தீப்பெட்டியும் அடையாள அட்டையும் நனையாமல் இருக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில் பழைய இரும்புக் கடைக்கும் டயர் கடைக்கும் நடையாய் நடப்பவர்களில் படகுக்காரர்களும் உண்டு.

இத்தனை பொருட்களிலும் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது ஒன்றே ஒன்று. அது காலி கேன்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி மீனவர்களைக் கடலில் வைத்து அடித்தது. பிழைத்து வந்தவர்களில் சிலர், கவிழ்ந்த படகையும் கேன்களையும் மணிக்கணக்கில் பற்றிக்கொண்டு மிதந்தவர்கள். அந்தக் கதைகள் எல்லாக் கடற்கரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அதனால்தான் பல படகுகளில் “கேன் இருக்கு, போதும்” என்ற தைரியமும் இருக்கிறது.

கணக்குப் பார்த்தால் அந்தத் தைரியத்தில் பாதி நியாயம்தான். மூடி இறுக்கிய 20 லிட்டர் காலி கேன், தண்ணீரில் சுமார் 20 கிலோ எடையைத் தாங்கும். ஒரு ஆளின் தலை நீருக்கு மேலே இருக்க நான்கைந்து கிலோ மிதப்பு போதும். ஆக, மூன்று பேர் பற்றிக்கொள்ளலாம். டீசல் நிரம்பிய கேனும் மூழ்காது, ஏனென்றால் டீசல் தண்ணீரைவிட லேசானது. ஆனால் அது தாங்குவது மூன்று கிலோ சொச்சம்தான், ஒருவருக்கே காணாது. குடிதண்ணீர் நிரம்பிய கேன் தன்னைத் தாங்கிக்கொண்டாலே பெரிய காரியம்.

நியாயமில்லாத பாதி இது: கேனை மனிதன் பிடித்துக்கொள்ள வேண்டும். லைஃப் ஜாக்கெட்டோ மனிதனைப் பிடித்துக்கொள்ளும். கை சோர்ந்தால், அலை ஒன்று ஓங்கி அடித்தால், மயக்கம் வந்தால் வழவழப்பான கேன் நழுவிப் போய்விடும். நல்ல ஜாக்கெட், நினைவு தப்பியவரின் முகத்தையும் வானத்தைப் பார்க்க வைக்கும். வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வலை இழுப்பது கஷ்டம், கொக்கியில் வலை மாட்டும் என்பதெல்லாம் உண்மைதான். அதற்காக அதைப் பலகைக்கு அடியில் திணித்து வைத்தால், தேவைப்படும் நிமிடத்தில் கைக்கு எட்டாது. காற்று ஏறும்போதும் இரவிலும் தனியாகப் போகும்போதுமாவது உடம்பில் இருக்க வேண்டும். கேன் அதற்குத் துணை. அதற்குப் பதில் அல்ல.

துணையாக இருக்கும் கேனையும் தயார் செய்து வைக்கலாம். கைப்பிடியில் கை நுழையும் அளவுக்கு இரண்டு மூன்று கயிற்று வளையம் கட்டி, காலியான கேனின் மூடியை அப்போதே இறுக்கி, சட்டென்று எடுக்கிற இடத்தில் வைத்தால் போதும். படகின் எண்ணையும், கடலோரக் காவல்படையின் அவசர எண்ணான 1554-ஐயும் அதன் மேல் பெயின்ட்டால் எழுதலாம். வீட்டில் வீணாகக் கிடக்கும் பழைய சிடி ஒன்றையும் கூடவே வைக்கலாம். பகல் வெயிலில் அதைச் சாய்த்துக் காட்டினால் பளிச்சிடும் வெளிச்சம், தூரத்துப் படகின் கண்ணில் பட வாய்ப்பு உண்டு.

இரவல் வாங்கக் கூடாத பொருளும் இருக்கிறது. தெர்மாகோல் நன்றாக மிதக்கும், விலையும் மலிவு. ஆனால் வெயிலிலும் அலையிலும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அந்தப் பொடியை மீன் இரையென்று விழுங்குகிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை, நாட்டிலேயே முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆவுளியா என்று இங்குள்ளவர்கள் சொல்லும் அந்தப் பிராணி மேய்வது இந்தக் கடற்புல்லைத்தான். புல்லுக்குள்தான் பல மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. அங்கே குப்பை சேர்ந்தால் நஷ்டம் ஆவுளியாவுக்கு மட்டுமல்ல, நாளைய வலைக்கும்தான்.

ஆகவே ஒரு பொருளைப் படகில் ஏற்றுமுன் அது உப்பைத் தாங்குமா என்று பார்ப்பதோடு, கடலில் விழுந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் 20 லிட்டர் கேன் காலியாகக் கிடந்தால் எறிய வேண்டாம். நன்றாகக் கழுவி, மூடியோடு கொடுங்கள். படகுக்கு ஆகும். லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கடையில் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.