சிநேகம் கனிந்த சேவை

நேற்று மாலை, மும்பையின் முலுண்ட் ரயில் நிலையத்தின் மேற்கு வாயிலில் இறங்கி, ஜனத்திரளுக்கிடையே ஒதுங்கி ஒதுங்கி வீடு நோக்கி நடந்த என்னை, சேவா சங்கமொன்று நடத்திய கண் பரிசோதனை முகாமின் வாசலில் வரிசையாய் அமர்ந்திருந்த முதியவர்களின் காட்சி நிறுத்திவிட்டது.

இத்தகைய சேவா சங்கங்கள் பிறந்த கதை நினைவுக்கு வந்தது. 1905 பிப்ரவரி 23 அன்று, சிகாகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்னும் வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரியும் ஒரு சுரங்கப் பொறியாளரும் ஒரு தையற்காரருமாகிய மூவரோடு கூடி, பெருநகரத் தனிமைக்குச் சிநேகமே ஔஷதமென்று கண்டு தொடங்கியது ரோட்டரி சங்கம். அங்கத்தினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று கூடியமையால் அதற்கு அப்பெயர் வாய்த்தது. 1917-இல், அதே நகரத்தில் மெல்வின் ஜோன்ஸின் முயற்சியால் உருவான லயன்ஸ் சங்கமோ, 1925-ஆம் ஆண்டு மகாநாட்டில் பார்வையற்ற ஹெலன் கெல்லர் அம்மையார் நேரில் வந்து வேண்டிக்கொண்ட நாள்முதல், பார்வையிழந்தோர் தொண்டைத் தன் விரதமாகவே ஏற்றது.

தோழமைக்காகக் கூடுவோர் தர்மத்தில் போய் முடிவது வியப்பன்று. பிறருக்காக ஒன்றுசேர்ந்து உழைக்கும்போதுதான் சிநேகமும் வேரூன்றுகிறது. முகாமில், குஜராத்தி வியாபாரி ஒருவர் தேநீர் வழங்க, மராத்தி ஆசிரியை பெயர்களைப் பதிந்துகொண்டிருக்க, ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் ஒரு பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

“புரை எடுத்தாச்சுன்னா, ஊசியிலே நானே நூல் கோத்துக்கலாமா, தம்பி?” என்று கேட்டாள் அவள்.

“கோத்துக்கலாம், பாட்டி” என்றார் அவர்.

அங்கேயே நின்று, நானும் நாற்காலிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.