எஞ்சினின் மூச்சு

காய்ச்சல் நோயின் குறி, அதுவே நோயன்று. குறியை மட்டும் தணித்துவிட்டு நோய் தீர்ந்ததென மகிழ்பவன், விரைவில் மீண்டும் மருத்துவரை நாடவேண்டியவனாகிறான். மனித உடலுக்கு உரிய இவ்வுண்மை, மனிதன் ஆக்கிய பொறிகளுக்கும் உரியதே. மோட்டார்க் காரின் எஞ்சின் இதற்குத் தக்க சான்றாகும்.

எஞ்சினுள் சிலிண்டர் எனப்படும் உருளைக்குள்ளே பிஸ்டன் மேலும் கீழுமாக இயங்குகிறது. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை பிஸ்டனுக்கு மேலே எரிந்து விரிந்து, அதனைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. அவ்வாயு கீழே இறங்காவண்ணம் பிஸ்டனைச் சூழ்ந்த வளையங்கள் காக்கின்றன. ஆயினும், புதிய எஞ்சினிலும் அக்காவல் முழுமையானதன்று. வாயுவின் ஒரு சிறு பகுதி வளையங்களின் இடுக்கில் நழுவி, அடியிலுள்ள கிராங்க் அறையை அடைகிறது. கிராங்க் தண்டு சுழல்வதும், எஞ்சின் எண்ணெய் தங்குவதும் அவ்வறையின் பகுதியிலேயாம். நழுவிய வாயு வெளியேற வழியில்லையாயின், அங்கே அழுத்தம் பெருகும்.

முற்காலக் கார்களில் இவ்வாயு ஒரு குழாயின் வழியே தெருவில் விடப்பட்டது. அந்நாளில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிக்கும் புகைப்பனி சூழ்ந்தது. எரியாத எரிபொருளின் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கதிரவன் ஒளியில் வினைபுரிவதால் அது தோன்றுகிறது என்பதை, 1950களின் தொடக்கத்தில் ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர் விளக்கினார். கிராங்க் அறையின் வாயுவிலும் அவ்வாவி மிகுதியாக உண்டு. ஆதலின், அவ்வாயுவை மீண்டும் எஞ்சினுக்கே செலுத்தி எரிக்கும் அமைப்பு வேண்டுமெனக் கலிபோர்னியா மாநிலம் 1961இல் விதித்தது. அவ்வமைப்பின் உயிர்நிலை, பி.சி.வி. வால்வு என்னும் சிறிய உறுப்பு. எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் விசையே, இவ்வால்வின் வழியாகக் கிராங்க் அறையின் வாயுவையும் ஈர்த்துக்கொள்கிறது. எனவே, நலமுள்ள பெட்ரோல் எஞ்சின் வண்டி நின்றபடியே மெல்ல ஓடும்பொழுது, அவ்வறையில் மெல்லிய ஈர்ப்பே இருக்கும்.

அழுத்தம் மிகுவதற்குப் பெரும்பாலும் காரணம் இரண்டு. வளையமோ சிலிண்டரோ தேய்ந்து வாயு மிகுதியாக இறங்குதல் ஒன்று. வாயு வெளியேறும் வழி அடைபடுதல் மற்றொன்று. முன்னது முதுமையின் தளர்ச்சி. பின்னது வெறும் மூக்கடைப்பு. முன்னதற்கு எஞ்சினையே பிரிக்கவேண்டும். பின்னதற்கு ஒரு சிறு வால்வே போதும். வெளிக்குறிகளோ இரண்டிற்கும் ஒத்தனவாகவே தோன்றும். ஆயில் சீல்களில் எண்ணெய் கசியும். எண்ணெய் பார்க்கும் அளவுகோல் மேலே தள்ளப்படும். காற்று வடிகட்டியில் எண்ணெய் படியும்.

வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒருவரது நிலையை எண்ணுக. கசிவு கண்டு இருமுறை ஆயில் சீல் மாற்றியாயிற்று, கசிவு நின்றபாடில்லை. “எஞ்சினை இறக்கவேண்டும்” என்கிறார் ஒருவர். அதற்காகும் செலவோ அவருடைய பல திங்கள் வருவாய். வண்டி பட்டறையில் கிடக்கும் நாளெல்லாம் வீட்டில் வருவாயும் இல்லை. இந்நிலையில் அவ்வண்டி முதிய கம்மியர் ஒருவரிடம் வருகிறது.

“ஐயா, எஞ்சினைப் பிரித்துவிடலாமா?” என்று வினவுகிறான், அவரிடம் தொழில் பயிலும் இளைஞன்.

“பொறு தம்பி. பிரிப்பதற்கு எந்நேரமும் உண்டு. ஓடும் எஞ்சின் சொல்லும் செய்தியை, பிரித்துப்போட்ட எஞ்சின் சொல்லாது” என்கிறார் அவர்.

எஞ்சின் மெல்ல ஓடுகையில் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து, அதன்மேல் ஒரு தாளை வைக்கிறார். உள்ளிழுக்கப்படவேண்டிய தாள் மேலே எறியப்படுகிறது. அழுத்தம் உண்டென்பது தெளிவாயிற்று. எஞ்சினை நிறுத்திப் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்குகிறார். நல்ல வால்வு கிலுகிலுவென ஒலிக்கும், இது ஒலிக்கவில்லை. அதனோடு இணைந்த குழாயிலும் கரிய கசடு அடைத்திருக்கிறது. குழாயைத் துப்புரவு செய்து, புதிய வால்வைப் பொருத்தி, மீண்டும் தாளை வைக்கிறார். இம்முறை தாள் வாயோடு ஒட்டிக்கொள்கிறது.

இளைஞன் மகிழ்கிறான், முதியவரோ அத்துடன் அமையவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளவைப் பார்க்கிறார். நான்கும் ஏறத்தாழ ஒத்து, உரிய அளவிலும் நிற்கின்றன.

“குறைந்திருந்தால் என்ன செய்வது ஐயா?”

“அந்தச் சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி பார்ப்பேன். அளவு உயர்ந்தால் வளையம் தேய்ந்தது எனலாம். உயராவிட்டால் சிலிண்டரின் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ ஐயுறவேண்டும். பிறகு அழுத்தக் காற்றைச் செலுத்திச் செவிகொடுப்பேன். எண்ணெய் ஊற்றும் வாயில் மிகுதியாகச் சீறினால் வளையத்தின் குறை. புகைக்குழாயில் சீறினால் வெளியேற்று வால்வின் குறை. ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கட்டின் குறை. அதன்பிறகே பிரிப்பேன்.”

இவ்வாறு உறுதி செய்துகொண்ட பின்னரே அவர் கசியும் ஆயில் சீலை மாற்றுகிறார். உரிமையாளரை அழைத்து, “எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுங்கள். பழைய எண்ணெயில் ஊறும் கசடே இவ்வழியை அடைத்தது” என்று அறிவுறுத்துகிறார்.

சீலை முன்பு இருமுறை மாற்றியவர்கள் கைத்திறம் அற்றவர்கள் அல்லர். கசிவைக் கண்டார்கள், கசிவித்த அழுத்தத்தைக் காணவில்லை. எளிய சோதனை முதலில், அரிய சோதனை அடுத்து, பிரித்தல் இறுதியில் என்னும் முறையே பொருளையும் பொறியையும் காக்கும். ஐயத்தைச் சோதனையால் தீர்த்த பின்னரே தீர்ப்புக் கூறும் பொறுமை, கம்மியர்க்கு மட்டுமன்றிக் கற்பார் அனைவர்க்கும் உரிய பண்பாகும்.