தைலம் தேய்க்கலாம், மாத்திரையை நிறுத்தக் கூடாது



சாருக்கு (வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரியப்பா) பார்க்கின்சன் நோய் என்று தெரிந்த நாள் முதல், ஆளுக்கொரு தைலம் சொல்கிறீர்கள். உங்கள் அன்பு புரிகிறது. "டீச்சர், இதைத் தேய்ச்சா மாத்திரையே வேண்டாம்" என்று போன வாரம் ஒரு பிள்ளை சொன்னதால், எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்த நோயின் வேர் கை கால்களில் இல்லை. மூளையில் டோபமைனைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. தோலில் தேய்க்கும் தைலம் அந்தக் குறையை ஈடுசெய்யாது. ஆனால் இறுகிப்போன தோளும் கெண்டைக்காலும் தேய்க்கத் தேய்க்கச் சற்று இளகும். அந்தச் சுகத்துக்காக இரவில் இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தேய்த்து விடுகிறேன். உள்ளங்காலில் மட்டும் தேய்ப்பதில்லை. நடுராத்திரியில் பாத்ரூம் போக எழுந்தால் வழுக்கிவிடும்.

தூக்கத்துக்கென்று ஒருவர் லாவெண்டர் எண்ணெய் அனுப்பினார். சாருக்கு அந்த வாசனையே தெரியவில்லை. இந்நோயில் நடுக்கம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்ப சக்தி குறைவதுண்டு. தூக்கத்தில் கனவுக்கேற்பக் கத்துவதும் கையை வீசுவதும்கூட நோயின் பகுதிதான். உங்கள் வீட்டில் யாருக்காவது அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டில் ஓரத்தில் முனையுள்ள சாமான் எதுவும் வைக்காதீர்கள்.

தோல் வழியாகச் செல்லும் மருந்தும் உண்டு. ரோட்டிகோட்டின் என்ற மருந்து தடவிய பட்டையை ஒட்டினால் 24 மணி நேரம் வேலை செய்யும். அதையும் டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். பூனைக்காலி விதையில் இருக்கும் லெவோடோபாதான் சாரின் மாத்திரையிலும் இருக்கிறது. "இயற்கைதானே" என்று அதையும் கூடவே கொடுத்தால் மருந்தின் அளவு ஏறிவிடும்.

முக்கியமான ஒன்று. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடல் விறைத்து, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தத் தைலத்தை நம்பியும் அதைச் செய்யாதீர்கள்.

நடக்கும்போது சாருக்குச் சில நேரம் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பள்ளி டிரில் போல "லெஃப்ட், ரைட்" என்று தாளத்தோடு சொல்வேன். கால் கிளம்பிவிடும். தினமும் சாயங்காலம் 5 மணிக்குத் தெருவில் நடக்கிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் ஒருநாள் வந்து கூட நடங்கள். நீங்கள் குரல் கொடுத்தால் அவருக்கும் உற்சாகமாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்