கதவுல கை வைக்கிறதுக்கு முன்னாடி

1/ போன வாரம் சர்க்கரை நோய் பத்தித் தொடர்ந்து எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீங்க. அது அடுத்து வரும். இன்னைக்கு நான் தப்பா வைத்தியம் பார்த்த ஒரு கதை. நல்லவேளை, நோயாளி மனுஷன் இல்லை. எங்க மோட்டார்ஹோம்.

2/ பார்க்காதவங்களுக்காக: படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வேன் அது. இங்கே பிரிட்டனில் விடுமுறைக்கு நிறைய பேர் இதில்தான் கிளம்புவாங்க. நாங்க வாங்கினது பழைய வண்டி. வெளிப்பக்கம், தரையை ஒட்டி, சாமான் வைக்கச் சின்னச் சின்ன அறைகள். மடக்கு நாற்காலி, தண்ணிக் குழாய், கரன்ட் ஒயர் எல்லாம் அதில் போகும். ஒவ்வொரு அறைக்கும் ஒரு கதவு.

3/ ஸ்காட்லாந்தில் ஒரு சரிவான இடத்தில் ராத்திரி தங்கினோம். படுக்கை சாயாம இருக்க, முன்சக்கரம் ஒண்ணை மட்டும் பிளாஸ்டிக் ஆப்பு மேல ஏத்தி நிறுத்தினேன். காலையில் இடதுபக்கக் கதவு ஒண்ணு மூடலை. மேல் மூலை சட்டத்தில் இடிக்குது, கீழ் மூலையில் சந்து. என்ன பண்ணேன்? ஸ்க்ரூடிரைவர் எடுத்து, பூட்டு நாக்கு மாட்டுற தகட்டைக் கழட்டி நகர்த்தி வெச்சேன். டக்குனு மூடிச்சு. எனக்கே பெருமை.

4/ அன்னைக்கு ஏ9 சாலையில் இன்வர்னஸ் பக்கம் போயிட்டிருந்தோம். தூரத்தில் சாலை ஓரமா ஒருத்தர் சைக்கிளில் போறார். பக்கக் கண்ணாடியில் பார்த்தா அந்தக் கதவு திறந்து, காத்துல முழுசா விரிஞ்சு நிக்குது. கீல் பின்பக்கம் இருக்கற கதவு, காத்து பிடிச்சா அப்படித்தான். வேகத்தைக் குறைச்சு ஓரங்கட்டினேன். அவர் பாட்டுக்குப் போயிட்டார், திரும்பிக்கூடப் பார்க்கலை. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவன் நான். அந்த விளிம்பு அவர் முதுகில் பட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க கொஞ்ச நேரம் ஆச்சு.

5/ கதவைக் கயிறு போட்டுக் கட்டிக்கிட்டு அடுத்த முகாமுக்குப் போனோம். பக்கத்து வண்டிக்காரர் பஸ் பாடி கட்டுற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதவைத் தொடவே இல்லை. முதல் கேள்வி: “காலையில வண்டி எப்படி நின்னுச்சு?” சொன்னேன். சிரிச்சார். “வண்டியை முறுக்கி வெச்சுட்டு கதவைச் சரி பண்ணியிருக்கீங்க டாக்டர்!”

6/ விஷயம் இதுதான். நீளமான வண்டி. ஒரு மூலையை மட்டும் தூக்கினா, ஈரத்துண்டைப் பிழியற மாதிரி உடம்பு லேசா முறுக்கிக்கும். கதவு மாட்டுற சதுரம் கோணிக்கும். கதவு கோணாது. அதான் இடிக்குது. சமதரைக்கு வந்ததும் சதுரம் பழையபடி ஆயிடுச்சு. நான் நகர்த்தின தகடு மட்டும் தப்பான இடத்தில். பூட்டு நாக்கு நுனியில் தொங்கிட்டு வந்திருக்கு.

7/ முழங்கால் வலின்னு வர்ற குழந்தைக்கு இடுப்பையும் பரிசோதிக்கணும்னு ஜூனியர்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவன் நான். இடுப்பு மூட்டுக் கோளாறு முழங்காலில் வலியா தெரியலாம். என் மனைவி கேட்டாங்க: “கேள்வி எல்லாம் நோயாளிகளுக்கு மட்டும்தானா?”

8/ சரி பண்ணின விதம், உங்களுக்கும் உதவலாம்:

• முதல்ல வண்டியைச் சமதரையில் நிறுத்துங்க. அப்பவும் இடிச்சா மட்டும் கதவில் கை வைங்க.
• கீல், தகடு இப்ப இருக்கற இடத்தைப் பென்சிலால் குறிச்சுக்குங்க.
• கீல் திருகுகளைத் தளர்த்துங்க, கழட்டாதீங்க. கதவுக்கு அடியில் அட்டை சொருகி, நாலு பக்கமும் சந்து ஒரே அளவா வந்ததும் இறுக்குங்க. பூட்டுத் தகடு கடைசியில்தான்.
• ஒரு காகிதத்தை வெச்சுக் கதவை மூடி இழுத்துப் பாருங்க. சுத்திலும் ஒரே மாதிரி பிடிச்சா ரப்பர் சரியா உட்காருது.
• திருகு பிடிமானம் இல்லாம சுத்துதா? பெரிய திருகு போட்டு முடிச்சிடாதீங்க. உள்ளே மரம் தண்ணியில் ஊறியிருக்கலாம். தண்ணி வர்ற வழியைத் தேடுங்க.
• காஸ் சிலிண்டர் அறையின் அடியில் இருக்கற துளைகளை அடைக்கவே கூடாது. சமையல் காஸ் காத்தைவிடக் கனமானது. கசிஞ்சா கீழ் வழியாத்தான் வெளியேறணும்.

9/ மோட்டார்ஹோம் இல்லைன்னாலும் இது நம்ம ஊர்க் கதைதான். மழைக்காலத்தில் உப்பின கதவை அவசரப்பட்டு இழைச்சுட்டு, கோடையில் பல்லி நுழையற சந்தைப் பார்த்துக்கிட்டு நிக்கிறோம் இல்லையா?

10/ இப்ப கிளம்பும் முன்னாடி வண்டியை ஒரு சுத்து சுத்தி, ஒவ்வொரு கதவையும் கையால் இழுத்துப் பார்க்கிறேன். ரெண்டு நிமிஷம் ஆகுது. அந்த இடதுபக்கக் கதவை மட்டும் ரெண்டு தடவை இழுக்கிறேன்.